வெள்ளித் தண்ணீரும் வெள்ளந்தி மனசும்

எங்கள் வீட்டில் வெள்ளியைப் பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டியவன்தான் நான் ஒருவன். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வந்து போன நண்பர்களுக்கு இது புரியும். ஒரு வீட்டில் வெள்ளியை உருக்குவார்கள். அடுத்த வீட்டில் கம்பி இழுப்பார்கள். அதற்கடுத்த வீட்டுத் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து கொலுசுக்கு வளையம் கோர்ப்பார்கள். என் அப்பா பற்றவைக்கிறவர். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தே, "இது எழுபது டச்சுகூடத் தேறாது" என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத மனிதர் அவர்.

அப்படிப்பட்ட எங்கள் தெருவுக்கே சென்ற ஆண்டு வெள்ளியில் ஒரு புது மருந்து வந்து சேர்ந்தது. புத்தகத்தில் அதன் பெயர் கூழ்ம வெள்ளி. எங்கள் தெரு வைத்த பெயர் வெள்ளித் தண்ணீர். செய்முறை எளிது. ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீர். அதில் தொங்கவிட இரண்டு சுத்த வெள்ளிக் கம்பிகள். ஒன்பது வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்து, ஒரு முனையை ஒரு கம்பிக்கும் மறுமுனையை இன்னொரு கம்பிக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்! சளி, காய்ச்சல், சர்க்கரைப் புண், மூட்டு வலி, தைராய்டு என்று எல்லாம் தீருமாம். பக்கவிளைவே கிடையாதாம்.

இதை எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தவர் பக்கத்துப் பட்டறை அண்ணன். நல்ல மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர். காசு பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அவர் என்னிடம் வந்து கேட்டார்.

"தம்பி, நீ கரண்டு படிக்கிறவன்தானே? இதை நல்லபடியா ஒரு பெட்டியில போட்டு மிஷினா செஞ்சு குடு. உங்க அத்தைக்கும் ஆகும். அந்தத் தைராய்டு மாத்திரையை எத்தனை வருஷந்தான் முழுங்கறது?"

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டிலேயே இருக்கிறவர். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். வெள்ளித் தண்ணீரையும் வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டுமாம்.

நண்பர்களே, அந்த மிஷினைச் செய்வது நமக்கு ஒரு பெரிய காரியமா? ஒரு பெட்டி, ஒரு ஸ்விட்ச், ஒரு சிவப்பு விளக்கு. அரை நாள் வேலை. ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருந்தது. பேட்டரியும் கம்பியுமாக இருந்தால் அது அண்ணன் சொன்ன வைத்தியம். பெட்டிக்குள் வைத்து நான் மூடிக் கொடுத்துவிட்டால் அது "படிச்ச பையன் செஞ்ச மிஷின்" ஆகிவிடும். தெருவில் அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நான் போடும் திருகாணிதான் அதற்குச் சான்றிதழ். எனவே பெட்டியைச் செய்வதற்கு முன்னால் கணக்கைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

வெள்ளியின் நிஜமான பெருமை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது கட்டுக்கதை கிடையாது. முழுக்க உண்மை.

1880களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். பிறந்த குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றும் ஒரு கண்நோயால் அந்தக் காலத்தில் ஏராளமான குழந்தைகள் பார்வை இழந்தன. கிரேடே ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு வலிமையுள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் என்ற அளவில் இருந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. எத்தனை அற்புதம்! அதோடு, அவர் எண்ணினார் என்பதைக் கவனியுங்கள். முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று எண்ணிக் காட்டியதால்தான் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

தீக்காயத்துக்குத் தடவும் வெள்ளை நிறக் களிம்பில் சில்வர் சல்ஃபாடயசின் என்ற மருந்து உண்டு. 1960களில் வந்தது. அதிலும் வேலை செய்வது வெள்ளிதான். ரஷ்யர்கள் தங்கள் மிர் விண்வெளி நிலையத்தில் குடிநீர் கெடாமல் இருக்க வெள்ளி அயனிகளைச் சேர்த்தார்கள். 1981ல் குவாத்தமாலா நாட்டில் களிமண் வடிகட்டிப் பானை ஒன்றை உருவாக்கினார்கள். அந்தப் பானையில் பூசுவது இதே கூழ்ம வெள்ளிதான். ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் கிருமி குறைந்து வெளியே வரும். ஏழை நாடுகள் பலவற்றில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். கண்ணில் ஒரு சொட்டு. தோலின் மேல் ஒரு பூச்சு. தண்ணீரில் ஒரு துளி. பானையின் சுவரில் ஒரு தடவல். வெள்ளி தன் வேலையைச் செய்கிற இடங்கள் எல்லாம் உடம்புக்கு வெளியே இருக்கின்றன. கிருமியை நேரடியாகத் தொடும் இடங்கள் அவை. "வெள்ளி கிருமியைக் கொல்லும்" என்ற உண்மையிலிருந்து "ஆகவே குடித்தால் நோய் தீரும்" என்ற முடிவுக்குத் தாவுவதற்கு நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை. பினாயிலும் கிருமியைக் கொல்லும். யாராவது குடிப்போமா?

அம்மீட்டர் இல்லாத கணக்கு

அண்ணன் சொன்ன செய்முறையில் ஓர் உறுதிமொழி இருந்தது. "மூணு பேட்டரி, ரெண்டு மணி நேரம், பத்து பி.பி.எம். வந்திரும்." பி.பி.எம். என்றால் தண்ணீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அர்த்தம்.

நம் வேதியியல் பாடத்தில் ஃபாரடேயின் மின்பகுப்பு விதி வருகிறதே, தேர்வுக்காக மனப்பாடம் செய்து அன்றே மறந்துபோகிற விதி, அது இங்கே உதவிக்கு வந்தது. ஒரு கூலும் மின்னூட்டம் பாய்ந்தால் 1.118 மில்லிகிராம் வெள்ளி கரையும். சராசரியாக ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்வதாக வைத்துக்கொள்வோம். அது 3.6 கூலும். பெருக்கினால் ஏறத்தாழ 4 மில்லிகிராம். கால் லிட்டர் டம்ளர் என்றால் லிட்டருக்கு 16 மில்லிகிராம். அதாவது ஒரு மணி நேரத்திலேயே 16 பி.பி.எம். வரை போகலாம்.

ஆனால் அந்த ஒரு மில்லி ஆம்பியரை யார் அளந்தார்கள்? காய்ச்சி வடித்த நீரில் முதலில் மின்சாரம் அநேகமாகப் பாயவே பாயாது. வெள்ளி கரையக் கரைய நீரின் கடத்துத்திறன் ஏறும், மின்னோட்டமும் ஏறும். கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம், முங்கிய நீளம், நீரின் சூடு, பேட்டரி புதிதா பழையதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். கரைந்ததில் ஒரு பங்கு எதிர்க் கம்பியில் கருப்பாகப் படியும். ஒரு பங்கு அடியில் வண்டலாகத் தங்கும். ஆக, வோல்ட்டையும் நேரத்தையும் மட்டும் சொல்லி மின்னோட்டத்தைச் சொல்லாத செய்முறையில், டம்ளரில் இருப்பது மூன்று பி.பி.எம்.மா முப்பது பி.பி.எம்.மா என்று செய்தவருக்கே தெரியாது. மருந்து என்ற பெயரில் ஒன்றைக் குடிக்கிறோம், அளவு தெரியாமல்!

"அதான் அளக்கறதுக்கு மீட்டர் இருக்கே தம்பி" என்று அண்ணன் ஒரு சின்னக் கருவியைக் காட்டினார். வாட்டர் பியூரிஃபயர் போட வருகிறவர்கள் தண்ணீரில் முக்கிக் காட்டுவார்களே, அந்த டி.டி.எஸ். மீட்டர். நண்பர்களே, அது என்ன அளக்கிறது என்று நமக்குத் தெரியும். கடத்துத்திறனை அளந்து, இவ்வளவு உப்பு இருக்கும் என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. வெள்ளி என்ற பெயரே அதற்குத் தெரியாது. வெள்ளி அயனி இருந்தால் ஏதோ ஓர் எண் வரும். மிதக்கும் வெள்ளித் துகளோ அதன் கண்ணுக்குப் படவே படாது.

சிலர் லேசர் விளக்கை அடித்துக் காட்டுவார்கள். தண்ணீருக்குள் கோடு தெரிகிறதாம், ஆகவே தரமான சரக்காம். அது டிண்டால் விளைவு. துகள் மிதக்கிறது என்று மட்டும் சொல்லும். ஒரு சொட்டுப் பாலைத் தண்ணீரில் விட்டு அடித்தாலும் அதே கோடு தெரியும். இளமஞ்சள் நிறம் வந்தால் நல்லது என்பார்கள். மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் நீல ஒளியை விழுங்கிக்கொள்வதால் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறது. இதுவும் உண்மைதான். ஆனால் நிறம், கோடு, எண் மூன்றும் சேர்ந்தாலும் "நோய் தீரும்" என்ற சொல்லுக்கு அருகில்கூட வரவில்லையே!

அப்பா கேட்ட கேள்வி

இரவு சாப்பாட்டின்போது இந்தக் கணக்கை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கூலும், ஆம்பியர் எல்லாம் அவருக்குப் புரிந்திருக்காது. கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏப்பா, வெள்ளி உப்பைப் பார்த்தா உக்காந்திருமே. வயித்துக்குள்ள உப்பு இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பட்டறையில் பழைய வெள்ளியைச் சுத்தம் செய்ய நைட்ரிக் திராவகத்தில் கரைப்பார்கள். அந்தக் கரைசலில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளி தயிர் மாதிரி வெண்மையாக அடியில் இறங்கிவிடும். செம்பு மேலேயே நிற்கும். இதைத்தான் நாம் ஆய்வகத்தில் "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு, குளோரைடு உறுதி" என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். பெயர் சில்வர் குளோரைடு. தண்ணீரில் கரைய மறுக்கும் பொருள். நம் இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரத்தத்தில் ஓடுவதும் உப்பு. டம்ளரில் சுதந்திரமாகத் திரிந்து கிருமியைக் கொன்ற வெள்ளி அயனி, வயிற்றுக்குள் போன உடனே குளோரைடிடம் மாட்டிக்கொள்கிறது. கண்ணாடித் தட்டில் கிருமி செத்தது என்பதை வைத்து, உடம்புக்குள்ளும் சாகும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அப்பா இன்னொன்றும் சொன்னார். "சுத்த வெள்ளின்னு எவன் குடுத்தான்? நம்ம தெருவுக் கம்பியில பாதிக்குப் பாதி செம்பு. பத்தவச்ச துண்டுன்னா துத்தநாகமும் இருக்கும்." கம்பியில் எது இருக்கிறதோ அதைத்தானே மின்சாரம் தண்ணீருக்குள் தள்ளும்? மின்சாரத்துக்கு வெள்ளி வேண்டும், செம்பு வேண்டாம் என்ற பாகுபாடெல்லாம் தெரியாது.

நான் மூன்று ஆண்டாகப் படிப்பதற்கும் அவர் முப்பது ஆண்டாகச் செய்வதற்கும் இடையில் ஒரு பாலம் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன்.

நீல மனிதர்கள்

"வேலை செய்யலேன்னாப் போகுது, கெடுதல் ஒண்ணும் இல்லையே" என்பது அண்ணனின் அடுத்த வாதம். நம் ஊரில் எந்த வைத்தியத்துக்கும் கடைசியாகச் சொல்லும் வாதம் இதுதானே?

எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கொலுசு கறுக்கும். உடம்பு சூடு என்பார்கள். வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆவதுதான் காரணம். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் உருவானதும், வெள்ளி உப்பு வெளிச்சம் பட்டுக் கறுத்ததால்தான். இந்த இரண்டும் மனிதத் தோலுக்குள் நடந்தால்? நடந்திருக்கிறது. குடிக்கும் வெள்ளியில் பெரும்பகுதி வெளியே போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் உள்ளே ஏறித் தோலில் தங்கும். வெயில் பட்டதும் கறுக்கத் தொடங்கும். முகம், கழுத்து, கை, நகக்கண் எல்லாம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். இதற்கு ஆர்ஜீரியா என்று பெயர். கொலுசு கறுத்தால் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். தோலை எதைப் போட்டுத் தேய்ப்பது? லேசர் சிகிச்சை சிலருக்குக் கொஞ்சம் பலன் தந்திருக்கிறது. மற்றபடி ஆயுசுக்கும் அந்த நிறம்தான்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் எல்லாம் நின்றுபோய் மருந்தே கிடைக்காமல் போகும் என்று பயந்து, 1999ல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடிக்க ஆரம்பித்தார். 2002ல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் கொள்கையைவிட அவர் முகத்தின் நிறம்தான் பெரிய செய்தி ஆனது. பயந்தபடி எந்த மருந்துப் பஞ்சமும் வரவில்லை. நீலம் மட்டும் வந்தது. பால் கராசன் என்ற இன்னோர் அமெரிக்கர் வீட்டில் தயாரித்ததைப் பல வருடம் குடித்தார், முகத்திலும் தடவினார். 2008ல் தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த உலகம் "நீல மனிதர்" என்று பெயர் வைத்தது. 2013ல் அவர் காலமாகும்வரை அந்தப் பெயரும் நிறமும் போகவில்லை.

"அவங்க சரியாச் செய்யத் தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றார் அண்ணன். இதற்கும் ஒரு பதில் உண்டு. ரோஸ்மேரி ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1950களில், அவர் சிறுமியாக இருந்தபோது, மூக்கில் விடும் சொட்டு மருந்தாக வெள்ளியைக் கொடுத்தவர் ஒரு மருத்துவர். அவருக்கும் தோல் சாம்பலானது. வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா, டாக்டர் கொடுத்ததா என்று தோல் பார்ப்பதில்லை. மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்றுதான் பார்க்கிறது.

எவ்வளவு சேரலாம்? ஒருவர் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 10 கிராம் வரை வெள்ளி உள்ளே போனால் கெடுதல் தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 10 கிராம் என்பது ஒன்றேகால் பவுன் எடை. ஒரு குழந்தைக் கொலுசுக்குக் காணாது. நான் கணக்கிட்ட டம்ளரில் இருப்பது 4 மில்லிகிராம். தினம் ஒரு டம்ளர் குடித்தால் 2,500 நாளில், அதாவது ஏழே வருடத்துக்குள், எழுபது வருடத்துக்கான ஒதுக்கீடு தீர்ந்துபோகும். நம் நாட்டுக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி இருக்கக்கூடாது என்கிறது. டம்ளரில் இருப்பது அதைப்போல் 160 மடங்கு. குழாய்த் தண்ணீரில் இவ்வளவு இருந்தால் நாம் மறியல் செய்வோம். மருந்து என்று சொன்னால் கைகூப்பி வாங்கிக் குடிக்கிறோம்!

அத்தையின் விஷயம் இன்னும் நெருக்கமானது. வெள்ளி உடம்பில் போனால் தைராய்டு மாத்திரையும் சிலவகை ஆன்டிபயாடிக் மருந்துகளும் குடலில் சரியாக ஏறாமல் போகலாம். அத்தை மாத்திரையை நிறுத்தாமலே கூடவே வெள்ளித் தண்ணீரையும் குடித்திருந்தால்கூட, மாத்திரை பாதி வேலைதான் செய்திருக்கும். "மாத்திரையே இப்பல்லாம் கேக்கறதில்ல" என்று பழி மாத்திரை மேல்தான் விழுந்திருக்கும்.

எது நிரூபணம்?

அண்ணன் லேசில் விடுகிறவர் இல்லை. "போன மாசம் எனக்குச் சளி. நாலு நாள் குடிச்சேன், போயிருச்சு. இதுக்கு என்ன சொல்ற?" என்றார். சளி யாருக்கும் ஒரு வாரத்தில் தானாகவே போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். "நம்ம முன்னோர்கள் வெள்ளிச் சங்குல பால் குடுத்தாங்களே, சித்த வைத்தியத்துல வெள்ளி பற்பம் இருக்கே" என்றார். சங்கிலிருந்து பாலில் இறங்கும் வெள்ளி எங்கே, மின்சாரம் வைத்துக் கரைத்த வெள்ளி எங்கே? பற்பம் வேறு பொருள், வேறு செய்முறை, வைத்தியர் அளந்து கொடுப்பது. அது நல்லதோ கெட்டதோ, அதன் பெயரைச் சொல்லி பேட்டரித் தண்ணீருக்குச் சான்று வாங்க முடியாது.

கடைசியில் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை பேச்சிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"சரி தம்பி, நான் சொல்றது ஊகம்னா நீ சொல்றதும் ஊகந்தானே? இது வேலை செய்யாதுன்னு நீ நிரூபிச்சியா?"

நியாயமான கேள்வி. நான் சொன்னேன், "அண்ணா, குடிக்காதவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குடிக்கச் சொல்கிறவர்தான் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது என்றால், ஒரே நோய் உள்ள இருநூறு பேரை எடுத்து, நூறு பேருக்கு வெள்ளித் தண்ணீர், நூறு பேருக்கு வெறும் தண்ணீர் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. பிறகு எண்ண வேண்டும். கிரேடே எண்ணினாரே, அப்படி."

குடிக்கும் வெள்ளிக்கு அப்படி எண்ணிக் காட்டிய நம்பத்தகுந்த சான்று இல்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இருக்கிற சான்றுகளைப் பரிசீலித்துவிட்டு, கூழ்ம வெள்ளி கலந்த மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று 1999ல் விதியே போட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது மருந்து என்று விற்றவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நோய் புதிது, பயம் புதிது. சரக்கு மட்டும் பழையது.

அண்ணன் முழுசாக ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "டாக்டரைக் கேக்காம அக்காவுக்குக் குடுக்கமாட்டேன்" என்ற அளவுக்கு இறங்கி வந்தார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அத்தை கேட்டார். மருத்துவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாத்திரை தொடர்கிறது.

ஆனால் நண்பர்களே, என்னை உறுத்திக்கொண்டிருப்பது வேறு ஒன்று. மருத்துவரைக் கேட்பதற்கு முன்பே, நான் வேண்டாம் என்று சொன்ன அன்றே, அத்தை என் கன்னத்தைத் தடவி, "நீ படிச்சவன், நீ சொன்னாச் சரி சாமி" என்றார். ஃபாரடேயையோ குளோரைடையோ அவர் கேட்கவில்லை. அண்ணனை நம்பியது போலவே என்னையும் நம்பினார். நான் "குடிங்க அத்தை" என்று சொல்லியிருந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய நம்பிக்கையில் எந்த வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் முழுவதும் என் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சுமை!

நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டின் முதல் படிப்பாளிகள் எத்தனையோ பேர் இருக்கிறோம். நம் கையில் டிப்ளமோ வருவதற்கு முன்பே வீட்டில் நமக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்வார்கள். பத்திரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பெட்ரோலை மிச்சப்படுத்தும் காந்தம், மின் கட்டணத்தைப் பாதியாக்கும் பெட்டி, சர்க்கரையை விரட்டும் செப்பு வளையம் என்று நாளை ஏதாவது ஒன்று நம் வாசலுக்கும் வரும். "நீ சொல்லுப்பா" என்று எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

அப்போது நாம் கேட்க வேண்டியவை நான்கே நான்கு கேள்விகள். எவ்வளவு? எதை வைத்து அளந்தார்கள்? அளந்த இடமும் பயன்படுத்தும் இடமும் ஒன்றுதானா? பலன் கிடைக்காதவர்களையும் சேர்த்து எண்ணினார்களா? இந்த நான்குக்கும் விடை இருந்தால் தைரியமாகத் தலையாட்டுவோம். இல்லை என்றால், "இது இன்னும் யாருக்கும் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்வோம். அப்படிச் சொல்வதால் படித்தவன் என்ற மரியாதை குறைந்துவிடாது. கேட்டவர் கோபித்துக்கொண்டால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைக் காட்டுவோம். அவரிடமும் நமக்குத் தெரியாத ஒரு கேள்வி இருக்கும். பட்டறைக்காரர்கள் உரைத்துப் பார்க்காமல் எந்த வெள்ளியையும் வாங்குவதில்லை. நம்மிடம் வந்து சேரும் சொற்களையும் அப்படியே உரைத்துப் பார்த்து வாங்குவோம்!